உடல் அசையவில்லை, ஊர் அசைந்தது! - ஆய்க்குடியின் நம்பிக்கைக் கதை

குற்றாலச் சாரல் எட்டும் தொலைவில், தென்காசிக்கு அருகே இருக்கிறது ஆய்க்குடி. 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். இந்த ஊர்க்காரரான எஸ்.ராமகிருஷ்ணன், பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது கடற்படை அதிகாரி ஆகும் கனவோடு 1975 ஜனவரியில் பெங்களூருவில் நடந்த தேர்வுக்குப் போனார். உடல்திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்ததில் கழுத்தெலும்பில் பலத்த அடி. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது.

ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சையோடு நம்பிக்கையும் கொடுத்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன், 1981-ல் ஒரு கூரைக் கொட்டகையில் ஐந்து குழந்தைகளோடு பள்ளி தொடங்கினார். அந்த டாக்டரின் பெயரையே வைத்தார்: அமர் சேவா சங்கம்.

1992-ல் அவரோடு கைகோத்தார் எஸ்.சங்கரராமன். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் ஆடிட்டர் இவர். பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என வளர்ந்த சங்கத்தின் பணி, சுற்றுவட்டார கிராமங்களுக்கும் பரவியது. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மனத்தெம்பு எங்கிருந்து வருகிறது?

'இப்படி ஒரு நிலை வந்தால் வாழ்க்கையே போச்சு' என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வு வேறு விஷயம் சொன்னது. கடுமையான உடல் குறைபாடுகளோடு வாழ்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், தங்கள் வாழ்க்கை நன்றாகவே இருப்பதாகச் சொன்னார்கள். வாழ்க்கைக்கு ஒரு நோக்கமும் மனிதர்களோடு உறவும் அவர்களுக்கு இருந்தன. நன்றாக இல்லை என்றவர்கள் சொன்ன காரணங்கள், வலியும் களைப்பும், உடல் தன் பிடியில் இல்லை என்ற தவிப்பும்.

அதாவது, 'தைரியமா இரு' என்று சொன்னால் மட்டும் போதாது. முதுகுத்தண்டு பாதித்தவரைக் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். சிறுநீர்த் தொற்றும் எளிதில் தாக்கும். உடலைக் கவனித்தால்தான் மனசும் நிமிரும்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க...

* நீண்ட கால நோய் உள்ளவரிடம் பரிதாபம் காட்டாதீர்கள், பொறுப்பு கொடுங்கள். வீட்டுக் கணக்கு எழுதுவதோ, பேரனுக்குப் பாடம் சொல்வதோ, அவரால் முடிந்த ஒரு வேலை தினமும் இருக்கட்டும்.
* அவரைப் பற்றிய முடிவுகளை அவரிடம் கேட்டு எடுங்கள்.
* வாசலில் ஒரு சாய்தளம், கழிவறையில் ஒரு கைப்பிடி. செலவு கொஞ்சம்தான், கிடைக்கும் சுதந்திரம் பெரிது.
* இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் தமிழிலும் பேசலாம்.
* கவனித்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் பொறுப்பேற்கட்டும்.

கடற்படைச் சீருடை ராமகிருஷ்ணனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால், நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது!