கக்கும் குழந்தையும் கலங்கும் தாயும்

“கக்கின பிள்ளை தக்கும்” என்பர் நம் முன்னோர். குழந்தை பாலைக் கக்கியதும், ‘என் பால் ஒத்துக்கொள்ளவில்லை’ எனக் கலங்கித் தாய்ப்பாலையே நிறுத்திவிடும் இளந்தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு இம்மொழியை நினைவூட்ட விரும்புகிறோம்.

உணவுக்குழாய் இரைப்பையைச் சேருமிடத்தில் தசைவளையமொன்று உண்டு. முதல் மாதங்களில் அது உறுதி பெறாமையால், இரைப்பையிலுள்ள பால் அமிலத்தோடு மேலேறுகிறது. நான்காம் மாதத்தளவில் மிகுந்து காணும் இது, 10 குழந்தைகளுள் 9 குழந்தைகளுக்கு ஓராண்டு நிறையுமுன் தானே நின்றுவிடும். குழந்தை முகமலர்ந்து, எடை கூடி வருமாயின் மருந்து வேண்டுவதில்லை. தாய்ப்பாலைத் தொடர்ந்து ஊட்டுக. புட்டிப்பாலாயின் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க. பால் குடித்தபின் ஏப்பம் விடச் செய்து, அரைமணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்க. உறங்கும்போது மல்லாத்தியே கிடத்துக.

ஆயினும், அம்முதுமொழி எல்லாக் கக்கலுக்கும் பொருந்தாது. பச்சை நிறமாகவோ இரத்தம் கலந்தோ வாந்தி வந்தாலும், அது பீறிட்டு அடித்தாலும், குழந்தை பாலை மறுத்தாலும், மூச்சுத் திணறினாலும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்க. எடை கூடாவிடினும், ஓராண்டுக்குப் பின்னும் கக்கல் நீடிப்பினும் அவரைக் காண்பது கடமை.

வளர்ந்த பிள்ளைகள் நெஞ்செரிச்சல், புளியேப்பம் என்று முறையிட்டால், இரவு உணவை உறக்கத்திற்கு 2 மணி நேரம் முன்பே முடிக்கப் பழக்குக. பெரியவர்களின் மாத்திரையைத் தாமாகக் கொடுத்தல் தகாது.

முன்னோர் மொழியையும் மதிப்போம். குழந்தையின் எடையையும் தவறாது நோக்குவோம்.