போனஸை நம்பி தீபாவளி ட்ரிப் போடலாமா?

கொலு பொம்மை பரண்ல ஏறினதுமே எங்க பாப்பா, "தீபாவளிக்கு எத்தனை நாள் இருக்கு, எங்க போறோம்?"னு ஆரம்பிச்சுடுவா. உங்க வீட்லயும் இதே கதைதானே?

போன வருஷம் ரிசார்ட் செலவை கிரெடிட் கார்டுல தேய்ச்சேன், போனஸ்ல கட்டிடலாம்னு. போனஸும் சம்பளக் கணக்குதான். டிடிஎஸ் பிடிச்சுட்டுதான் கைக்கு வந்தது. கட்டாத பாக்கிக்கு மாசம் 3.5 சதவீதம் வட்டி, அதாவது வருஷத்துக்கு 42. (ஆடிட்டருக்கே இந்த நிலைமை, சிரிக்காதீங்க!)

இந்த வருஷம் பிப்ரவரியிலேயே மாசம் 1,500 ரூபாய்க்கு ஆர்.டி. ஆரம்பிச்சேன். செப்டம்பரோட 8 தவணை, 12,000 ரூபாய். பட்டாசு, புதுத்துணி, ஸ்வீட் எல்லாம் இதுக்குள்ளதான்.

ஊர் சுத்த? சானடோரியத்துல லோக்கல் ட்ரெயின் ஏறினா மூணாவது ஸ்டேஷன் வண்டலூர். ஜூவுக்கு செவ்வாய்க்கிழமை லீவு, பார்த்துக்கோங்க.

ரிசார்ட்ல என்னம்மா பிடிச்சதுன்னு பாப்பாகிட்ட கேட்டேன். "லிஃப்ட்"னா.