கொல்லிமலையில் விழுந்த கோதுமை மணிகள்



விடுமுறையில் நம் இளையோர் மறைத்தளங்களுக்குச் சென்று, பத்து நாள் சேவை செய்து, நிறைந்த மனதோடு திரும்புகிறார்கள். நல்லதே. ஆனால் மறைப்பணி என்பது போய்வருவதா, உடனிருப்பதா?

இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறும் கொல்லிமலைக்கு, சாலை இல்லாத 1913-ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் புதுமணத் தம்பதியர் சென்றார்கள். பாப்டிஸ்ட் சபையின் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின். மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், தச்சுவேலை கற்பித்தார்கள். ஆண்டுகள் கடந்தும் திருமுழுக்குப் பெற எவரும் முன்வரவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார்.

முதல் உலகப்போர் முடிந்த வேளையில் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் மலைக்கும் வந்தது. அஞ்சிய மக்கள் ஒதுங்கியபோது, இவர்கள் கஞ்சி காய்ச்சி நோயாளிகளுக்கு ஊட்டினார்கள். நோயில் விழுந்த அந்தப் பூசாரி, சாகுமுன் தம் குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தார். போதனையால் திறக்காத மனத்தை உடனிருப்பு திறந்தது.

1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் இறந்தார். ஈவ்லினோ முதுமையிலும் மலைமக்களை விட்டுப் போக மறுத்து, 1974-இல் தம் 95-ஆம் வயதில் இறந்து, கணவரின் அருகே மலையிலேயே துயில்கிறார். 1914-இல் பிறந்த மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார்.

பிரிந்த சகோதரரிடம் உள்ள நன்மைகளை மகிழ்வோடு ஏற்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் நமக்குக் கற்பித்தது. இளையோரே, அங்கே எடுத்த நிழற்படங்களில் நிற்பவர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், அதைக் கேட்பதற்காகவாவது மீண்டும் ஒருமுறை செல்லுங்கள். நம் பணி அங்கிருந்து தொடங்கட்டும்.