மாட்டுக் கொட்டிலுக்கு ஒரு மருந்துப் பெட்டி

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்குக் கறவைப் பசுவே எஞ்சிய முதல். ஆயினும் அதன் மருந்துகளைக் கொட்டில் கூரையில் செருகிவிட்டு, அவசரத்தில் தேடுகிறோம். வெயிலும் ஈரமும் மருந்தின் வலுவைக் கெடுக்கும்.

மூடியுள்ள தகரப் பெட்டி ஒன்று போதும். அதைப் பிள்ளைகளுக்கு எட்டாத, நிழலான இடத்தில் வைப்போம். அயடீன், பஞ்சு, சுத்தமான துணி, கத்தரிக்கோல், வெப்பமானி ஒருபக்கம். மிருக வைத்தியர் தந்த மருந்துகள் மறுபக்கம். பூச்சிநாசினியை இதற்குள் வைக்கவே கூடாது. காலாவதித் திகதியை மாதம் ஒருமுறை பார்ப்போம். தடுப்பூசி மருந்துக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். இப்பெட்டி அதற்கு உதவாது.

ஊசி போட்ட நாளைக் கொப்பியில் எழுதுவோம். வைத்தியர் சொன்ன நாட்கள் கழியும்வரை அந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாது. மீண்டும் இடம்பெயர நேர்ந்தால், பெட்டியும் கொப்பியும் பசுவோடு வரட்டும்.