பண்ணை மன்றச் சுருள்களில் பெண்களின் நிலவுரிமை

இடைக்கால இங்கிலாந்தில் நிலம் பெரும்பாலும் 'மானர்' என்னும் பிரபுக்களின் பண்ணைகளாகப் பிரிந்திருந்தது. பிரபுவின் காரியஸ்தர் அவ்வப்போது மன்றம் கூட்டுவார். அங்கு நிகழ்ந்த நில மாற்றங்களையும் வழக்குகளையும் குமாஸ்தா லத்தீன் மொழியில் தோலேட்டில் எழுதிச் சுருட்டி வைப்பார். 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இச்சுருள்கள் கிடைக்கின்றன. அந்நாட்டுக் குடியானவப் பெண்களைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதி இவற்றிலிருந்து பெறப்பட்டதே.

ஆயினும் இவை பெண்களின் உரிமையைக் காக்க எழுதப்பட்டவை அல்ல; பிரபுவுக்குச் சேரவேண்டிய வருமானத்திற்காக எழுதப்பட்டவை. குடியானவன் இறந்தால் அவனுடைய சிறந்த மாடோ குதிரையோ பிரபுவைச் சேரும். அந்நிலத்தை ஏற்பவர் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டுப்பட்ட குடியின் மகள் மணம் புரியவும் கட்டணம் உண்டு. பணம் வந்த இடத்தில் பெயர் ஏறும். கணக்கேடுகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஆதலால் விதவையின் பெயர் அடிக்கடி காணப்படுகிறது. கணவனோடு வயலில் உழைத்த மனைவியின் பெயரோ அரிதாகவே தென்படுகிறது.

மகன் இருக்க மகள் வாரிசாவது பொதுவாக இல்லை. விதவைக்கு மட்டும் 'ஃப்ரீ பெஞ்ச்' என்னும் அனுபவ பாத்தியதை இருந்தது. கணவன் நிலத்தில் மூன்றிலொரு பங்கு, பாதி, முழுவதும் என ஊர் வழக்கத்திற்கேற்ப அது மாறும். பல ஊர்களில் மறுமணம் செய்தாலோ ஒழுக்கம் தவறினாலோ அவள் அதை இழப்பாள். உழுவதற்கு ஆண் துணை தேவை. துணையைத் தேடினாலோ உழுவதற்கு நிலம் இராது!

இச்சிக்கலுக்குக் குடியானவர்களே ஒரு வழி கண்டனர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இது பரவலாயிற்று. கணவன் தன் நிலத்தை மன்றத்தில் பிரபுவிடம் ஒப்படைத்துவிட்டு, தனக்கும் மனைவிக்கும் கூட்டாக அதைத் திரும்பப் பெறுவான். அவ்வளவே. கணவன் இறந்தபின் நிலம் முழுவதும் அவளுடையது. மறுமணத்தால் அது பறிபோகாது. தந்தைக்குப் பின் நிலம் தனக்கே என்றிருந்த மகனுக்கு இது கசந்திருக்கும்.

மனைவிக்கு உரிமையுள்ள நிலத்தைக் கைமாற்றும்போது, காரியஸ்தர் அவளைத் தனியே அழைத்து, கட்டாயமின்றிச் சம்மதிக்கிறாளா என்று வினவி அதைப் பதிவு செய்யும் வழக்கமும் பல பண்ணைகளில் இருந்தது. மாலையில் அதே கணவனின் வீட்டிற்குத் திரும்ப வேண்டியவள் எவ்வளவு துணிந்து மறுத்திருப்பாள் என்பது ஐயமே. எனினும், கேட்க வேண்டும் என்ற விதி இருந்தது.

பதிவின் நகல் குடியானவருக்கும் கொடுக்கப்படலாயிற்று. அந்நகலையே ஆதாரமாகக் கொண்ட 'காப்பிஹோல்டு' முறை 1926-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் ஒழிந்தது.

மணமாகாத பெண்ணுக்கு இத்தடைகள் குறைவு. நார்த்தாம்ப்டன்ஷயரிலுள்ள பிரிக்ஸ்டாக் என்னும் ஊரில் வாழ்ந்த செசீலியா பெனிஃபாடர் இறுதிவரை மணம் புரியவில்லை. சிறிது சிறிதாக நிலம் சேர்த்தாள். அவ்வூர்ச் சுருள்களைக் கொண்டே ஜூடித் பென்னெட் என்னும் வரலாற்றாசிரியை அவளுடைய வாழ்க்கையை நூலாக்கி 1999-இல் வெளியிட்டார். செசீலியா 1344-இல் இறந்தாள். அவள் சேர்த்த நிலம் யாருக்கு என்று உறவினர்கள் மன்றத்தில் வழக்காடினர். அவ்வழக்கையும் குமாஸ்தா எழுதி வைத்தார்.