கடலுக்குள் ஒரு பூட்டும் சாவியும்

முட்டையின் கதவைத் திறக்கும் அதிசயப் புரதம்!

அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது கலிபோர்னியா. அங்கே கடலுக்கு அடியில், பாறைகளில் ஒரு பிராணி ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அது நத்தைக்கு உறவு. அதன் ஓடு மனிதனின் காது போல இருக்கும். ஓட்டின் உட்புறம் முத்தைப் போலப் பளபளக்கும். அதன் பெயர் அபலோனி.

அபலோனியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆனால் அவை இரண்டும் கூடுவது இல்லை. காலம் வந்ததும் பெண் தன் முட்டைகளைக் கடல் நீரில் விட்டுவிடும். நன்கு வளர்ந்த பெண் ஒரே சமயத்தில் பல லட்சம் முட்டைகளை விடும். ஆணும் தன் விந்தணுக்களைத் தண்ணீரில் விடும். அதன் பிறகு எல்லாம் தண்ணீரின் போக்கைப் பொறுத்தது!

கலிபோர்னியா கடலில் ஏழு வகை அபலோனிகள் உண்டு. சிவப்பு, வெள்ளை, கறுப்பு, பச்சை என்று பல நிறப் பெயர்கள். ஒரே கடலில் இத்தனை இனங்களின் விந்தணுக்கள் மிதந்தால் குழப்பம் வராதா? சிவப்பின் விந்தணு வெள்ளையின் முட்டைக்குள் போய்விடாதா?

பெரும்பாலும் போவது இல்லை. காரணம் என்ன?

முனையில் ஒரு பை

அபலோனியின் முட்டையைச் சுற்றி ஓர் உறுதியான உறை இருக்கிறது. அதுதான் பூட்டு. விந்தணுவின் முனையில் மிகச் சிறிய பை ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் புரதம்தான் சாவி.

முட்டையை நெருங்கியதும் விந்தணுவின் முனை மாறுவதை, 1952-ம் ஆண்டில் கடல் முள்ளெலியிடம் கண்டு சொன்னவர் ஜீன் டான் என்ற பெண் விஞ்ஞானி. பிறப்பால் அமெரிக்கர். ஜப்பானிய விஞ்ஞானி ஒருவரை மணந்து ஜப்பானில் ஆராய்ச்சி செய்தவர். கடல் முள்ளெலி என்பது உருண்டை உடம்பு முழுவதும் முட்கள் கொண்ட பிராணி.

அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது? 1977-ம் ஆண்டில் விக்டர் வாக்கியர், கேரி மோய் என்ற இரு அமெரிக்கர்கள் இதற்குப் பதில் கண்டார்கள். கடல் முள்ளெலியின் விந்தணுவிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து எடுத்தார்கள். விந்தணுவை முட்டையோடு பசை போல ஒட்டவைப்பது அதுதான். அதற்கு "பிண்டின்" என்று பெயர்.

பிறகு வாக்கியர், சான் டியாகோ நகரில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் அபலோனியை ஆராய்ந்தார்.

வெட்டாமல் வழி

அபலோனியின் விந்தணுவில் உள்ள சாவியின் பெயர் "லைசின்". அது வேலை செய்யும் விதம் விசித்திரமானது!

நம் வயிற்றில் உள்ள ஜீரண நீர், உணவை வெட்டிச் சிதைக்கிறது. லைசின் அப்படி வெட்டுவது இல்லை. முட்டையின் உறை, நார்களால் பின்னிய கூடை போன்றது. லைசின் அந்த நார்களை அறுக்காமல், ஒன்றிலிருந்து ஒன்றை விலக்கிவிடுகிறது. சிறு துளை விழுகிறது. அதன் வழியே விந்தணு உள்ளே நுழைகிறது.

ஓர் இனத்தின் லைசின், அதே இனத்தின் உறையை எளிதில் திறக்கும். வேறு இனத்தின் உறையிடம் அந்த அளவுக்குப் பலிக்காது. இப்படித்தான் ஒரே கடலில் இருந்தும் இனங்கள் கலக்காமல் இருக்கின்றன.

இன்னோர் ஆச்சரியம்! பிராணிகளின் உடம்பில் உள்ள பல புரதங்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளில் மிகக் கொஞ்சமே மாறுகின்றன. லைசினோ மிக வேகமாக மாறியிருக்கிறது. பூட்டு மாறினால் சாவியும் மாறத்தானே வேண்டும்?

இது நத்தை இனத்தின் கதை மட்டும் அல்ல. அபலோனி முட்டையின் உறையில் உள்ள புரதமும், மனிதன் உள்ளிட்ட பாலூட்டிகளின் முட்டை உறையில் உள்ள புரதமும் ஒரே விதமாக மடிந்திருப்பதை 2017-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

சாவி உண்டு, பூட்டு எங்கே?

இவ்வளவு அருமையான சாவி இருந்தும், வெள்ளை அபலோனிக்கு ஆபத்து வந்துவிட்டது.

அதன் இறைச்சி ருசியானது. 1970-களில் மனிதர்கள் அதை அள்ளி எடுத்தார்கள். நூற்றுக்கு ஒன்று மிஞ்சுவதே அரிதாகிவிட்டது. 1996-ம் ஆண்டில் பிடிப்பதற்குத் தடை வந்தது. 2001-ம் ஆண்டில் அமெரிக்க அரசு, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. முதுகெலும்பு இல்லாத கடல் பிராணி ஒன்று அந்தப் பட்டியலில் இடம் பெற்றது அதுவே முதல் தடவை.

தடை வந்ததும் அவை பெருகியிருக்க வேண்டாமா? பெருகவில்லை! மிஞ்சியவை ஒன்றுக்கு ஒன்று வெகு தூரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தன. ஆண் விட்ட விந்தணு, பெண் விட்ட முட்டையைச் சேருமுன் கடலில் கலந்து வீணாயிற்று. சாவி இங்கே, பூட்டு எங்கேயோ!

எனவே விஞ்ஞானிகள் ஆணையும் பெண்ணையும் தொட்டிகளில் வைத்து வளர்த்தார்கள். கலிபோர்னியாவில் உள்ள பொடேகா கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் முட்டையையும் விந்தணுவையும் கலந்து குஞ்சுகளை உண்டாக்கினார்கள். 2019-ம் ஆண்டில், அப்படி வளர்ந்த வெள்ளை அபலோனிகள் முதன்முதலாகக் கடலில் விடப்பட்டன.

அவை வளர்ந்து, அருகருகே இருந்து, தாமாகவே முட்டை விட வேண்டும். பூட்டும் சாவியும் எதிர் எதிரே வந்துவிட்டால் போதும். மீதி வேலையை லைசின் பார்த்துக்கொள்ளும்!