பர்ன் அவுட்ல ரிசைன் பண்ணலாமா? என் சித்தியோட கணக்கு நோட்டு



"வேலை பிடிக்கல, விட்டுடலாமா?" நம்ம சேனலுக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான். கேக்குறவங்க பெரும்பாலும் 25 முதல் 35 வயசு. இந்தத் தடவை 46 வயசுக்காரங்க ஒருத்தரோட கதையை வெச்சு பதில் சொல்றேன். அவங்க அனுமதியோடதான் எழுதுறேன். கடைசி வரைக்கும் படிங்க, உங்க வீட்டுக்கும் இது தேவைப்படும்.

மூணு வருஷம் ஆகப்போகுது. பொங்கலுக்கு ஆயக்குடி வந்திருந்தேன். பின்னாடி அப்பா சந்தைக்குக் கொய்யா தரம் பிரிச்சுக்கிட்டு இருந்தார். சித்தி என்கிட்ட போனை நீட்டினாங்க. அதுல ஒரு ராஜினாமா கடிதம்.

"நீ ஆடிட்டர்தானே கண்ணு. பிஎஃப் எவ்வளவு வரும்னு மட்டும் பாத்துச் சொல்லு. திங்கக்கிழமை அனுப்பிடறேன்."

கோயம்புத்தூர்ல ஒரு தனியார் கம்பெனியில 19 வருஷமா ஹெச்.ஆர். வேலை. கைக்கு வர்ற சம்பளம் 92,000. "மீட்டிங்ல பேர் மறந்து போகுது. சின்ன விஷயத்துக்கு அழுகை வருது. யாரைப் பாத்தாலும் எரிச்சல். என்னால முடியல"ன்னு சொன்னாங்க. நான் உடனே கால்குலேட்டரை எடுத்தேன்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்

29 வயசுல நானும் இப்படி ஒரு மெயில் அனுப்பினவன்தான். சென்னையில ஆடிட் வேலை, செப்டம்பர் மாசம், டேக்ஸ் ஆடிட் கெடு நெருங்குது. ராத்திரி 2 மணிக்கு ஆபீஸ்ல உக்காந்து ரிசைன் மெயில் அடிச்சேன். அப்ப கையில இருந்தது 1,10,000 ரூபாய். அஞ்சாவது மாசம் கிரெடிட் கார்டுல 84,000 கடன். மாசம் 3.5 சதவீத வட்டி, அதாவது வருஷத்துக்கு 42 சதவீதம். அந்தக் கடனை அடைக்கவே, முதல் வேலையை விட மோசமான ஒரு வேலையில போய்ச் சேர்ந்தேன்.

ஓய்வு தேவைன்னுதான் வேலையை விட்டேன். கடன் பயத்துல ஒரு நாள் கூட ஓய்வு கிடைக்கல. அதனால சித்திக்கு முதல்ல ரன்வே கணக்கு போட்டேன். சம்பளம் நின்னா கையிருப்பு எத்தனை மாசம் தாங்கும்ங்கறதுதான் ரன்வே.

- வீட்டுச் செலவுல அவங்க பங்கு: 38,000
- கடன் இஎம்ஐ: 12,000
- பாட்டி மருந்து: 4,000
- இன்சூரன்ஸ்: 3,000
- மொத்தம்: 57,000

பேங்க்லயும் எஃப்டியிலயும் சேர்த்து 3,40,000 இருந்தது. 57,000-ஆல வகுத்தா ஆறு மாசம். "ஆறு மாசத்துல சரியாயிடுமா சித்தி?"ன்னு கேட்டேன். பதில் இல்ல.

அப்பதான் அடுப்படியில இருந்து அம்மா வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏன்டி, உனக்குப் பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"

வரல. எட்டு மாசமா முன்னப்பின்ன. ராத்திரி ரெண்டு மணிக்கு நைட்டி நனையற அளவுக்கு வேர்த்து எந்திரிக்கிறாங்க. ஏசி போட்டாலும் அப்படித்தான். ஒரு வருஷமா ஒழுங்கான தூக்கமே இல்ல. எனக்கு இந்தக் கேள்வியே தோணல. சித்திக்கும் இது ரெண்டும் சம்பந்தப்பட்ட விஷயம்னு தோணல.

பர்ன் அவுட்டா, பெரிமெனோபாஸா?

பர்ன் அவுட்ங்கற வார்த்தையை 1974-ல ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர்ங்கற அமெரிக்க உளவியலாளர் ஆய்வுக் கட்டுரையில கொண்டுவந்தார். 2019-ல உலக சுகாதார நிறுவனம் தன்னோட நோய் வகைப்பாட்டுல அதுக்கு விளக்கம் கொடுத்துச்சு. மூணு அடையாளம்: தீராத களைப்பு, வேலை மேல விலகலும் கசப்பும், "நான் செய்யுறது எதுவும் சரியா வரல"ங்கற உணர்வு. இது வேலை சம்பந்தப்பட்ட நிலைன்னும், இதைத் தனி நோயா வகைப்படுத்தலைன்னும் தெளிவா சொல்லியிருக்காங்க.

தொடர்ந்து 12 மாசம் மாதவிலக்கு வரலைன்னா அது மெனோபாஸ். அதுக்கு முன்னாடி சில வருஷம் ஹார்மோன் ஏறி இறங்குற காலம் பெரிமெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு மெனோபாஸ் சராசரியா 46, 47 வயசுலயே வந்துடுது. மேலை நாடுகள்ல 51 வாக்குல. அப்படின்னா 40-களோட தொடக்கத்துலயே அறிகுறிகள் தெரியலாம். ஒரு பெண் கஷ்டப்பட்டு மேனேஜர் ஆகுற வயசும் அதேதான்.

தூக்கமின்மை, மறதி, படபடப்பு, எரிச்சல் எல்லாம் ரெண்டுக்கும் பொது. ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்பு தீயா சுட்டு வேர்க்குதுன்னா அதுக்கு மேனேஜர் காரணம் இல்லீங்க. தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி களைப்பு வரும். எது எதுன்னு டாக்டர்தான் பரிசோதிச்சு சொல்லணும்.

இதுல பணமும் இருக்கு. 2023-ல மேயோ கிளினிக் வெளியிட்ட ஆய்வு, மெனோபாஸ் அறிகுறியால அமெரிக்காவுல இழக்குற வேலை நாட்களோட மதிப்பை வருஷத்துக்கு சுமார் 180 கோடி டாலர்னு கணக்கிட்டுச்சு. அறிகுறி தாங்காம வேலையையே விட்டவங்களோட சம்பளம் இந்தக் கணக்குல வராது.

கடிதம் டிராஃப்ட்லயே இருந்தது

சித்தி கடிதத்தை அனுப்பல. மூணு வாரம் விடுப்பு எடுத்தாங்க. மகப்பேறு மருத்துவரைப் பாத்தாங்க, ரத்தப் பரிசோதனை முடிஞ்சு சிகிச்சை தொடங்குச்சு. ஹார்மோன் சிகிச்சை எல்லாருக்கும் பொருந்தாது, உங்க உடம்பைப் பாத்து டாக்டர் முடிவு பண்ண வேண்டிய விஷயம். அதனால மருந்துப் பேர் எதுவும் இங்க எழுதல.

நாலு மாசத்துல தூக்கம் திரும்ப வந்தது. மறதியும் அழுகையும் குறைஞ்சது. வேலை மேல இருந்த கசப்பு மட்டும் குறையல. நல்லாத் தூங்கி எந்திரிச்ச பிறகும் அந்த வேலை வேண்டாம்னுதான் தோணுச்சு. அப்ப பாதி பெரிமெனோபாஸ், பாதி நிஜமான பர்ன் அவுட். இதைப் பிரிச்சுப் பாத்த பிறகு எடுக்குற முடிவுதான் முடிவு. களைப்புல எடுக்குறது தப்பிச்சு ஓடுறது, நான் 29 வயசுல ஓடின மாதிரி.

மெனோபாஸ் கோச்சிங் எப்படி வந்தது?

"19 வருஷம் ஹெச்.ஆர்.ல இருந்தேன் கண்ணு. எத்தனை பொம்பளைங்க 45 வயசுல காரணம் சொல்லாம ரிசைன் பண்ணிட்டுப் போனாங்க. நானே கையெழுத்துப் போட்டு அனுப்பி வெச்சேன். ஒருத்தர்கிட்ட கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்ல." இதைச் சொல்லிட்டுத்தான், மெனோபாஸ் கோச் ஆகப்போறேன்னு சித்தி சொன்னாங்க.

எங்க ஊர்ல கோச்சிங்னா அரசுத் தேர்வுக்கான இலவசப் பயிற்சி மையம்தான் ஞாபகத்துக்கு வரும். அப்பா கூட "குரூப் 4-க்கா?"ன்னு கேட்டார். மெனோபாஸ் கோச்சோட வேலை வேற. அறிகுறிகளைக் குறிச்சு வைக்கச் சொல்லித் தர்றது, தூக்கம், சாப்பாடு, உடற்பயிற்சி பழக்கத்தை மாத்த உதவுறது, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தயார் பண்றது, வீட்டுலயும் ஆபீஸ்லயும் இதை எப்படிப் பேசுறதுன்னு சொல்லித் தர்றது. மருந்து எழுதக் கூடாது, நோயைத் தீர்மானிக்கக் கூடாது. இந்தியாவுல இதுக்கு உரிமம் தர்ற அரசு கவுன்சில் எதுவும் கிடையாது. இந்தியன் மெனோபாஸ் சொசைட்டி 1995-ல இருந்து இருக்கு, ஆனா அது மருத்துவர்கள் சார்ந்த அமைப்பு. கோச் சர்டிபிகேட் எல்லாம் தனியார் படிப்புதான். கத்துக்கறதுக்காகப் படிக்கலாம். சர்டிபிகேட்டே வருமானம் தரும்னு நம்பிப் பணம் கட்டாதீங்க.

நோக்கத்துக்கும் கணக்கு உண்டு

சித்தி சேரப்போன படிப்புக்குக் கட்டணம் 1,20,000. அன்னைக்கே வேலையை விட்டு அதையும் கட்டியிருந்தா மீதி 2,20,000. ரன்வே நாலு மாசம் கூட இல்ல. அதனால 14 மாசத் திட்டம் போட்டோம்.

- மாச மிச்சம் 35,000 வீதம் 14 மாசத்துக்கு: 4,90,000
- பழைய கையிருப்போட சேர்த்து: 8,30,000
- வேலையில இருந்துக்கிட்டே வார இறுதியில படிச்ச கட்டணம் போக: 7,10,000
- மீதிக் கடன் 1,70,000-ஐ ஒரே தடவையா அடைச்ச பிறகு: 5,40,000

இஎம்ஐ போனதால மாசச் செலவு 45,000 ஆச்சு. ரன்வே சரியா 12 மாசம். அந்த வாரம்தான் சித்தி கடிதத்தை அனுப்பினாங்க.

வருமானப் பக்கமும் பாருங்க. ஒரு செஷனுக்கு 800 ரூபாய் வாங்கினா, 45,000 வர மாசம் 57 செஷன் எடுக்கணும். முதல் ஆறு மாசம் சராசரியா வந்தது 6,000 ரூபாய். இன்னைக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. மாசம் 20 தனி செஷன், ஒரு கம்பெனி வகுப்புக்கு 15,000, ஆக 31,000. பழைய சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. கையிருப்பு 1,20,000-க்கு வந்துடுச்சு. 90,000-ஐத் தொட்டா, அதாவது ரெண்டு மாசச் செலவுக்கு இறங்கினா, வாரம் ரெண்டு நாள் ஹெச்.ஆர். கன்சல்டிங் எடுக்கணும்னு முதல் நாளே எழுதி வெச்சிருந்தோம். மாசம் 14,000 குறையுற வேகத்துல இன்னும் ரெண்டு மாசம். சித்தி இப்பவே ஒரு கம்பெனியில பேசிட்டாங்க. இதை நான் தோல்வின்னு சொல்ல மாட்டேன். கோட்டை முன்னாடியே போட்டதால, அதைத் தாண்டுறப்ப பதட்டம் இல்ல.

வேலையை விடுறதுக்கு முன்னாடி இதைப் பாத்துக்கங்க

கிராஜுவிட்டி: நிரந்தர ஊழியர்களுக்குப் பொதுவா 5 வருஷம் தொடர்ச்சியா வேலை பாத்திருக்கணும். நாலரை வருஷத்துல இருக்கீங்கன்னா, கொஞ்சம் பொறுத்தா எவ்வளவு வரும்னு பாத்துட்டு தேதி குறிங்க.

பிஎஃப்: 5 வருஷத் தொடர் சர்வீஸுக்கு முன்னாடி எடுத்தா வரி விழும். 10 வருஷ சர்வீஸ் முடிச்சா பென்ஷன் தகுதி. எடுக்காம விட்டாலும், வேலையை விட்ட பிறகு சேர்ற வட்டிக்கு வரி உண்டு.

ஹெல்த் இன்சூரன்ஸ்: கம்பெனி கவர் பொதுவா கடைசி வேலை நாளோட முடிஞ்சுடும். தனி பாலிசியை வேலையில இருக்கும்போதே எடுங்க. ஏற்கனவே இருக்குற நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாசம் வரைக்கும் போகலாம். கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்குப் பல பாலிசிகள்ல 2 வருஷக் காத்திருப்பு இருக்கு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

சொந்தத் தொழில் வரி: கோச்சிங் வருமானம் வந்தா ஐடிஆர்-1 போட முடியாது. பழைய, புதிய வரிமுறையை வருஷா வருஷம் மாத்திக்குற வசதியும் போயிடும். டாக்டரோட சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, கோச்சுக்கு அது பொருந்தாது. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு பண்ணணும்.

31,000-ல வராத ஒண்ணு

மாசத்துல ஒரு ஞாயிறு ஆயக்குடியில மகளிர் குழுவுக்கு சித்தி இலவசமா பேசுவாங்க. போன வருஷம் பதினொரு பேர் வந்திருந்தாங்க, பாதிப்பேர் கொய்யாத் தோட்டத்துக்கு வேலைக்குப் போறவங்க. எல்லாரும் கிளம்பின பிறகு 53 வயசு அம்மா ஒருத்தங்க மட்டும் நின்னாங்க. பீரியட்ஸ் நின்னு ரெண்டு வருஷமாச்சு, இப்ப மறுபடியும் ரத்தம் படுதாம். "வெயில் சூடா இருக்கும்னு விட்டுட்டேன்"னு சொன்னாங்க.

சித்தி டிப்ஸ் எதுவும் கொடுக்கல. மெனோபாஸ் ஆன பிறகு துளி ரத்தம் வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட காட்டணும். மறுநாள் காலையில அவங்களோட பழனி பஸ்ல ஏறிட்டாங்க. உரிய நேரத்துல பரிசோதனை நடந்தது, இப்ப நல்லா இருக்காங்க. அன்னைக்கு ராத்திரி சித்தி போன்ல சொன்னது: "19 வருஷத்துல இப்படி ஒரு திங்கக்கிழமை எனக்கு வந்ததில்ல கண்ணு."

இந்த வாரம் நீங்க ரெண்டு வேலை செய்யுங்க. ஒண்ணு, உங்க மாசச் செலவை எழுதி, கையிருப்பை அதால வகுத்துப் பாருங்க. வர்ற எண் 6-க்குக் கீழ இருந்தா ரிசைன் கடிதம் டிராஃப்ட்லயே இருக்கட்டும். வேலையிடத்துல கொடுமை நடக்குது, உடம்பும் மனசும் தாங்கலன்னா மட்டும் எண்ணுக்காகக் காத்திருக்காதீங்க, டாக்டரைப் பாத்துட்டு வெளிய வாங்க.

ரெண்டு, உங்க அம்மாவுக்குப் போன் பண்ணி "ராத்திரி தூக்கம் வருதாம்மா?"ன்னு கேளுங்க. பையனா இருந்தாலும் கேளுங்க. நான் அந்தக் கேள்வியைக் கத்துக்க 30 வயசு தாண்டிடுச்சு.